ஐந்து கருப்பொருள்களால் உங்கள் ஊரைப் படிப்பது எப்படி: வன்னி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமைவிடம், இடத்தின் இயல்பு, மனிதருக்கும் சூழலுக்கும் உள்ள தொடர்பு, அசைவு, பிரதேசம். புவியியலின் இந்த ஐந்து அடிப்படைக் கருப்பொருள்களையும் வரிசையாக ஒப்புவிக்கப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் "உன் ஊரை இந்த ஐந்தாலும் எழுதிக்கொண்டு வா" என்றால் பேனை நின்றுவிடுகிறது. அல்லது ஐந்து தலைப்புகளைப் போட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் பங்கு பிரித்துவிடுகிறார்கள். குளம் இரண்டாவதில், வயல் மூன்றாவதில், வீதி நான்காவதில். அத்துடன் வேலை முடிந்தது.

இந்தப் பங்கு பிரிப்பில்தான் எல்லாம் பிழைக்கிறது. ஐந்தும் ஐந்து கேள்விகள். ஒரே குளத்திடம் ஐந்து கேள்விகளையும் கேட்க வேண்டும். குளம் எங்கே இருக்கிறது, எப்படிப்பட்டது, மனிதர் அதை என்ன செய்தார்கள், அதற்குள் எது வருகிறது எது வெளியே போகிறது, அது எந்த எல்லைக்குள் எதை ஒன்றாக்குகிறது? இந்தக் கேள்விகளை எந்த ஒழுங்கில் கேட்பது, ஒவ்வொன்றுக்கும் வெளியில் போய் என்ன செய்வது என்பதைத்தான் கீழே சொல்கிறேன். தரம் 8இலிருந்து சாதாரண தரம் வரை படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

1. புறப்படும் முன்

முதலில் படிக்கப்போகும் பரப்பைச் சிறிதாக்குங்கள். "வன்னி" என்று தலைப்பு வைத்தால் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்காது. ஒரு கிராம அலுவலர் பிரிவு போதும். அதுவும் பெரிதென்றால், காலையில் நடந்து மதியத்துக்குள் திரும்பக்கூடிய பகுதியை எடுங்கள். ஒரு குளம், அதன் கீழ் வயல், ஒரு சந்தி, நாலைந்து ஒழுங்கை. வன்னியில் இந்த அளவுக்குள்ளேயே ஐந்து கருப்பொருளும் கிடைத்துவிடும்.

கோடு போடாத கொப்பி, பென்சில், அழிறப்பர், அடிமட்டம், வீட்டில் யாருடையதாவது ஒரு போன். பேனை வேண்டாம், வெளியில் வரையும் எந்தப் படமும் திருத்தப்படத்தான் போகிறது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படம் பாடசாலையில் இருந்தால் உங்கள் பகுதி வரும் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் 2 சென்ரிமீற்றர் நிலத்தில் 1 கிலோமீற்றர்.

அடுத்தது பாதுகாப்பு, இதைத் தாண்டிப் போக வேண்டாம். நம் மண்ணில் மிதிவெடி அகற்றி முடிக்காத இடங்கள் இன்னும் உண்டு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு நாடா கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடி வேண்டாம். தெரியாத பொருள் கிடந்தால் தொடாமல் பெரியவரிடம் சொல்லுங்கள். பலகை இல்லாத பற்றைக்காட்டுக்குள்ளும் குறுக்குவழி போட வேண்டாம். மக்கள் நடமாடும் பாதையிலேயே நடங்கள். யானை வரும் ஊராக இருந்தால் பொழுதுபடும் முன் வீட்டில் இருக்க வேண்டும். குளத்தில் முதலை இருக்கிறதா என்று உள்ளூரவரிடம் கேட்டபின் கரைக்குப் போங்கள். மாரியில் குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வழியும் வான் பாயும் நேரம் அந்தப் பக்கம் போகவே கூடாது. தனியே போகாமல் ஆசிரியரோ வீட்டுப் பெரியவரோ கூட வரட்டும்.

2. வடக்கைக் கண்டுபிடித்து வரைபடம் கீறுங்கள்

எழுதுவதற்கு முன் வரைய வேண்டும். வரைந்தால்தான் தெரியாதது எது என்று உங்களுக்கே தெரியவரும். எழுத்தில் "குளத்துக்குப் பக்கத்தில் கோயில்" என்று தப்பிவிடலாம். படத்தில் குளத்தின் எந்தப் பக்கம் என்று கோடு போட்டே ஆக வேண்டும்.

அநேகமானோர் பாடசாலைப் படலையைத் தாளின் மேல்பக்கம் வைத்துத் தொடங்குவார்கள், ஏனென்றால் அவர்கள் ஊரைப் பார்ப்பது அங்கிருந்துதான். பிறகு வடக்குக் குறியைக் கிடைத்த மூலையில் போடுவார்கள். முதலில் வடக்கு, அதைத் தாளின் மேல்பக்கம் வைத்த பிறகுதான் மற்றது எல்லாம்.

போனில் திசைகாட்டி இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் நிழல். "மத்தியான நிழல் வடக்கே விழும்" என்று படித்திருப்பீர்கள். அது நமக்கு வருடம் முழுவதும் சரிவராது. வன்னி ஏறத்தாழ வடக்கு 9 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நம் உச்சிக்கு மேல் வந்து, பிறகு வடக்கே போய், ஓகஸ்ட் கடைசியில் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே இறங்குகிறது. இடைப்பட்ட மாதங்களில் நம் மத்தியான நிழல் தெற்கேதான் விழும். மே மாதத்தில் நிழலை நம்பி வரைந்தவரின் குளம் வீதியின் மறுபக்கத்துக்குப் போய்விடும். செப்ரெம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நிழலை நம்பலாம். மற்ற நாளில் சூரியன் உதிக்கும் பக்கத்தைக் கிழக்காக வைத்துக் கணக்கிடுங்கள், படத்துக்கு அது போதும்.

தூரத்துக்கு உங்கள் காலடியையே அளவாக்குங்கள். பாடசாலை மைதானத்தில் 100 மீற்றர் அளந்து, இயல்பாக நடந்து எத்தனை அடி என்று எண்ணி வையுங்கள். அதை வைத்து ஒழுங்கைகளை அளக்கலாம். படத்தில் தலைப்பு, வடக்குக் குறி, அளவுத்திட்டம், குறியீட்டு விளக்கம் நான்கும் இருக்க வேண்டும்.

3. அமைவிடம்: இரண்டு விதமாகச் சொல்லுங்கள்

அமைவிடம் முதலில் வருவதற்குக் காரணம், மற்ற நான்கு விடைகளும் இதில்தான் தொங்குகின்றன. இதை இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று தனியமைவிடம், அதாவது அகலக்கோடும் நெடுங்கோடும். போனில் உங்கள் இடத்தை அழுத்திப் பிடித்தால் 9.39, 80.40 போல இரண்டு எண் வரும். கிளிநொச்சி நகரம் ஏறத்தாழ அங்கேதான். அதிகம் பேர் விழும் குழி இங்கே இருக்கிறது. 9.39 பாகை என்பதை 9 பாகை 39 கலை என்று எழுதிவிடுகிறார்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ளது தசமம். ஒரு பாகைக்கு 60 கலை. 0.39ஐ 60ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 23 வரும். ஆகவே கிளிநொச்சி 9°23' வடக்கு. 9°39' என்று எழுதினால் யாழ்ப்பாண நகரின் அகலக்கோட்டுக்குக் கிட்டப் போய்விட்டீர்கள், ஏறத்தாழ 30 கிலோமீற்றர் பிழை.

ஒழுங்கும் முக்கியம்: முதலில் வடக்கு, பிறகு கிழக்கு. மாற்றி 80 வடக்கு, 9 கிழக்கு என்று எழுதினால் ஆர்க்டிக் சமுத்திரத்தில் ஸ்வால்பார்ட் தீவுகளின் பக்கம் உங்கள் ஊர் மிதக்கும்.

எண் சரியா என்று நீங்களே சோதிக்கலாம். அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். வவுனியா நகரம் 8°45', கிளிநொச்சி 9°23'. வித்தியாசம் 38 கலை, ஏறத்தாழ 70 கிலோமீற்றர். ஏ9 வீதியில் பஸ்ஸில் போகும் தூரம் இதைவிடச் சற்றே கூட. வீதி வளைவதால் அது கூடத்தான் வேண்டும். கணக்கில் வந்த நேர்கோட்டுத் தூரம் வீதித் தூரத்தைவிடக் கூடினால் எங்கோ பிழை.

மற்றது சார்பமைவிடம்: எதற்கு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எந்த வழியில். "கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறது" என்பது போதாது. "ஏ9 வீதியில் பரந்தன் சந்திக்குத் தெற்கே" என்றால் ஒருவர் வந்து சேரலாம்.

தனியமைவிடம் மாறாது, சார்பமைவிடம் மாறும். பூநகரியைப் பாருங்கள். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்படும் வரை, தரைவழியாக யாழ்ப்பாணம் போவதென்றால் கிழக்கே பரந்தனுக்கு வந்து ஆனையிறவைச் சுற்ற வேண்டும். பாலம் வந்தபின் களப்பைக் கடந்து நேரே போகலாம். பூநகரி ஓர் அங்குலமும் நகரவில்லை, ஆனால் யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். புதிதாகத் தார் போட்ட வீதி, வெள்ளத்தில் உடைந்த மதகு, 2013இல் கிளிநொச்சி வரை திரும்ப ஓடத் தொடங்கிய ரயில். அதைத் தேடி எழுதுங்கள்.

4. இடத்தின் இயல்பு: கையால் தொட்டுப் பாருங்கள்

இயல்பில் இரண்டு பக்கம்: இயற்கை, மனிதர். இயற்கையில் நிலத்தின் ஏற்ற இறக்கம், மண், நீர், காலநிலை, மரம் செடி, விலங்கு. மனிதரில் வீடு, தொழில், வழிபாடு, மொழி, பாடசாலை, கடை. இயற்கையை முதலில் முடியுங்கள், ஏனென்றால் மனிதர் செய்த பலவற்றுக்கும் காரணம் அங்கே கிடக்கும்.

"எங்கள் ஊர் இயற்கை வளம் நிறைந்த அழகிய ஊர்" என்ற வசனம் கொப்பியில் இருந்தால் வெட்டிவிடுங்கள். அந்த வசனத்தை எந்த ஊருக்கும் எழுதலாம், அதனால் அது எந்த ஊரையும் சொல்லவில்லை. எந்த மரம்? பாலையா, வீரையா, முதிரையா? குளக்கட்டோரம் மருது நிற்கிறதா? கடற்கரைப் பக்கம் பனையா? பெயர் தெரியாவிட்டால் விறகுக்குப் போகும் அம்மாவிடமோ மாடு மேய்க்கும் ஐயாவிடமோ கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

மண்ணுக்கு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். குடியிருக்கும் மேட்டுக்காணியில் ஒரு பிடி, வயலில் ஒரு பிடி எடுத்துத் தனித்தனியே தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். மேட்டு மண் அநேகமாகச் செம்மை கலந்த கபில நிறம். கயிறு போல உருட்டினால் கெதியில் உடையும். பள்ளத்து வயல் மண் சாம்பல் பாய்ந்து, பிசுபிசுப்பாக, நீளமாக உருளும். இரண்டையும் உள்ளங்கைகளில் வைத்துப் பார்த்தாலே ஏன் வீடும் தோட்டமும் மேலே, நெல் கீழே என்று விளங்கும். மேலே தண்ணீர் வடிந்துவிடும், கீழே நிற்கும். கரையோர மணல் ஊரென்றால் இது வேறு விதமாக வரும், அதை அப்படியே எழுதுங்கள். புத்தகத்தில் இருப்பதற்காகச் செம்மண் என்று எழுத வேண்டாம்.

காலநிலையைச் சொல்லும்போது மாதத்தைச் சொல்லுங்கள். "மழை குறைவு" என்பது போதாது. நமக்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் நிலம் வெடிக்கிறது. ஒரு வருடத்துத் தண்ணீர் மூன்று நாலு மாதத்தில் வந்துவிடும் இடம் இது. அடுத்த கருப்பொருள் முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

5. மனிதரும் சூழலும்: மூன்று வினைச்சொல்

இங்கே வரும் விடைகள் மரம் நடுவோம், சூழலைப் பாதுகாப்போம் என்று முடிந்துவிடுகின்றன. நல்ல எண்ணம்தான், ஆனால் கேள்வி அதுவல்ல. மூன்று வினைச்சொற்களை வைத்துத் தேடுங்கள்: தங்கியிருக்கிறார்கள், இசைந்து போகிறார்கள், மாற்றுகிறார்கள்.

குளத்தை எடுப்போம். தண்ணீருக்குக் குளத்தில் தங்கியிருக்கிறோம். மழைக்கு இசைந்து போகிறோம்: மாரி மழையோடு பெரும்போகம், குளத்தில் மிஞ்சிய தண்ணீரின் அளவுக்குச் சிறுபோகம். குளத்தில் தண்ணீர் குறைவென்றால் சிறுபோகத்தில் எல்லாக் காணியும் விதைக்க முடியாது. எவ்வளவு விதைப்பது என்று கமக்காரர் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். அப்படி ஒரு முடிவு உங்கள் ஊரில் கடைசியாக எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டு எழுதினால் ஒரு பக்கம் நிறையும். மாற்றுவது என்றால் கட்டுப் போட்டு, தண்ணீர் திறந்துவிடும் துருசு வைத்து, வாய்க்கால் வெட்டி ஆற்றை மறித்தது.

மாற்றினால் விளைவும் வரும், நல்லதும் கெட்டதும். வட மாகாணத்தின் மிகப் பெரிய குளமான இரணைமடு கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. அதனால் பல ஆயிரம் ஏக்கர் வயல் விளைகிறது. அதே குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறக்கும்போது கீழ்ப்பக்க ஊர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தை வீட்டில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் காட்டச் சொல்லி, தரையிலிருந்து அளந்து வரைபடத்தில் குறியுங்கள். நாலு வீட்டில் அளந்தாலே ஊரின் பள்ளம் எது என்று தெரிந்துவிடும்.

யானை வேலி, ஆற்றில் மணல் அள்ளுதல், கிரவல் கிடங்கு எல்லாம் இங்கே வரும். போர் நிலத்தில் விட்டுச்சென்றதும் வரும். மிதிவெடி இருந்ததால் விதைக்காமல் கிடந்து காடாகிய காணி, அகற்றிய பின் மறுபடி வயலாகியது. அது நம் ஊர்களின் புவியியல், எழுதத் தயங்க வேண்டாம்.

6. அசைவு: சந்தியில் ஒரு மணி நேரம் நில்லுங்கள்

வீதிகளின் பெயர்ப்பட்டியலை எழுதிவிட்டு அசைவு முடிந்தது என்பார்கள். வீதி அசைவதில்லை. அதில் என்ன போகிறது, எங்கிருந்து எங்கே, ஏன் என்பதுதான் கேள்வி.

பாதுகாப்பான நிழலாகப் பார்த்துச் சந்தியில் ஒரு மணி நேரம் இருங்கள். கொப்பியில் மூன்று நிரல்: வாகனம், வந்த திசையும் போன திசையும், ஏற்றியிருந்த பொருள். சைக்கிளையும் எண்ணுங்கள், அதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சந்தை நாளிலும் சாதாரண நாளிலும் ஒவ்வொரு முறை எண்ணி ஒப்பிட்டால் இன்னும் நல்லது. பெரும்போக அறுவடைக் காலமென்றால் வீதியோரம் நெல் பரவிக் காய்வதையும் மூட்டை ஏற்றும் லொறிகளையும் பார்ப்பீர்கள். அந்த லொறி எங்கே போகிறது என்று சாரதியிடம் கேளுங்கள். நெல் இங்கிருந்து போய் அரிசியாகத் திரும்பி வருகிறதா? அதற்கு விடை கண்டால் அது உங்கள் கட்டுரையின் நல்ல பகுதியாக அமையும்.

பின் இருக்கையில் பெட்டி கட்டி, ஹோன் அடித்துக்கொண்டு வரும் மீன்காரர் இன்னொரு நல்ல ஆள். "அண்ணை, மீன் எங்க எடுத்தனீங்கள்? இதுக்குப் பிறகு எங்க போறியள்?" என்ற இரண்டு கேள்வி போதும். காலையில் முல்லைத்தீவுக் கரையில் இருந்த மீன் எத்தனை ஊரைத் தாண்டி உங்கள் வீட்டுச் சட்டிக்கு வந்தது என்று ஒரு கோடு போடலாம். தண்ணீரும் அசைகிறது: தெற்கே பெய்த மழை கனகராயன் ஆற்றால் இரணைமடுவுக்கு வந்து, மிஞ்சியது சுண்டிக்குளம் களப்புக்குப் போகிறது. எண்ணங்களும் செய்திகளும் போனில் அசைகின்றன.

மனிதரின் அசைவைக் கேட்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், போரில் இடம்பெயர்ந்து மீண்டவர்கள் என்று ஒரே ஒழுங்கைக்குள் பல வழிகளால் வந்த குடும்பங்கள் இருக்கும். "எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எப்போது இங்கே குடியேறினீர்கள், ஏன் இந்த இடம்?" என்று மட்டும் கேளுங்கள். யாரை இழந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் பென்சிலை வைத்துவிட்டுக் கேளுங்கள். கட்டுரையில் எவர் பெயரும் வேண்டாம்.

7. பிரதேசம்: கடைசியில்தான்

முதல் வரியிலேயே "எமது பிரதேசம் வன்னி" என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் இல்லாமல் போகும். பிரதேசம் என்பது ஏதோ ஒன்றை அளவாக வைத்து நாம் கீறும் எல்லை. எதை அளவாக வைப்பது என்பது மற்ற நான்கையும் முடித்தால்தான் தெரியும்.

எல்லை மூன்று விதம். எங்கும் ஒரே இயல்பு இருப்பதால் வரும் எல்லை: உலர் வலயம் அப்படி, நிர்வாகப் பிரிவும் அப்படி. ஒரு மையத்தோடு தொடர்பு இருப்பதால் வரும் எல்லை: ஒரு குளத்தின் வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல்கள், ஒரு சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் ஊர்கள். மூன்றாவது, மக்கள் மனதில் உள்ள எல்லை.

வன்னியையே எடுத்து மூன்றையும் வைத்துப் பாருங்கள். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு உண்டு, கிளிநொச்சி இல்லை. கிளிநொச்சி 1984இல்தான் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகியது. தேர்தலுக்கு இன்றும் யாழ்ப்பாணத்தோடுதான். ஆனால் கிளிநொச்சியில் யாரிடமும் "நீங்கள் வன்னியா?" என்று கேளுங்கள், ஓம் என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆனையிறவு தாண்டினால் வன்னி என்பார் ஒருவர். மன்னார்த் தீவு சேருமா என்றால் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எந்த அளவை வைத்தால் எந்த எல்லை வருகிறது என்று எழுதுங்கள்.

உங்கள் ஊருக்கு மையத் தொடர்புள்ள எல்லையைக் கீறுவதுதான் சுலபம். பாடசாலையில் பிள்ளைகள் எந்த எந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள் என்று வகுப்பில் கேட்டு, வெளி ஓரத்து ஊர்களைக் கோட்டால் இணையுங்கள். அதுவே ஒரு பிரதேசம்.

8. எழுதும்போது

வரைபடம் முதல் பக்கத்தில் வரட்டும். பிறகு ஐந்து பகுதிகளை மேலே சொன்ன ஒழுங்கில் எழுதுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் முந்திய பகுதியைத் தொடும் "அதனால்" ஒன்றாவது இருக்க வேண்டும். மழை நாலு மாதத்தில் கொட்டுகிறது, அதனால் குளம் கட்டினார்கள்; குளம் இருக்கிறது, அதனால் காணி தேடிக் குடும்பங்கள் வந்தன; ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறார்கள், அதனால் அந்த ஊர்கள் ஒரு பிரதேசம். இந்த "அதனால்" இல்லாவிட்டால் கட்டுரை மறுபடி ஐந்து தனித் தலைப்புகளாக உதிர்ந்துவிடும்.

போனில் எடுத்த படங்களை அடுக்க வேண்டாம். இரண்டு மூன்று போதும். ஒவ்வொன்றின் கீழும் எங்கே நின்று எந்தத் திசையைப் பார்த்து எப்போது எடுத்தது என்று எழுதுங்கள்.

முடிந்ததும் வரைபடத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் வேறு ஊரைச் சேர்ந்த ஒரு நண்பரிடம் கொடுத்து, வாசித்து உங்கள் ஊரை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். பென்சில் நிற்கும் இடத்தில் அவர் என்ன கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகளோடு இன்னொரு காலை வெளியில் போய்வந்து, விடுபட்டதைச் சேர்த்து நல்ல பிரதி எழுதுங்கள்.